கப்பலில் வந்த வீட்டோட மாப்பிள்ளை

மன்னார்குடி,
மாசி மகம் கழிந்த நான்காம் நாள்.

சிரஞ்சீவி அச்சுதனுக்கு அக்கா மதுரம் எழுதிக்கொண்டது. நீ இருக்கிற கடலும் நீயும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கில் ஒரு திரி கூடப் போட்டு வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர.

அன்றைக்குக் கடற்கரையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான், உன் அத்திம்பேர், மாட்டுப்பெண் ப்ரியம்வதா (விஸ்வாவுக்கு பெங்களூரில் லீவு கிடைக்கவில்லை), படகுக்காரர் தியாகு, அவர் சம்சாரம் மலர்கொடி, அவர்கள் பெண் கனகா, மீன்வளக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்த பரணிதரன் என்கிற பிள்ளை. ஆக ஏழு. வண்டி ஓட்டிவந்த சைபுல்லா வேப்பமரத்தடியில் வண்டிக்குள்ளேயே தூங்கிவிட்டார், முக்கியமான பேச்சு வந்தபோது மட்டும் கண்ணாடியை இறக்கிக் கேட்டார் என்பதால் அவரை அரை என்று போட்டேன். கூட்டினால் ஏழரை வந்தது. தீர்த்தமாடப் போன இடத்தில் ஏழரை ஆகாது என்று பெருமாளையும் சேர்த்து எட்டரை என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அக்கா ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்கிறாள் என்று நீ பின்னால் சொல்லக்கூடாது பார், அதற்காகத்தான் இவ்வளவும்.

மாசி மகம் உனக்குத் தெரியாதது இல்லை. திருக்கண்ணபுரத்துப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். கடற்கரைக்காரர்களுக்கு அவர் அப்புறம்தான் சுவாமி, முதலில் மாப்பிள்ளை. தாயார் அவர்கள் குலத்துப் பெண் இல்லையா. "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" என்று அத்தனை ஆண்பிள்ளைகளும் குரல்கொடுத்துத் தோளில் வாங்கிக்கொள்ளும்போது எனக்கு இந்த அறுபத்தோரு வயதிலும் உடம்பு சிலிர்த்துப்போகிறது. சுனாமி வந்தபோது கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு நாள் நாங்கள் பஜனைக் கோஷ்டியார் சமைத்துப்போட்டோமே, அங்கே கைக்குழந்தை கனகாவோடு இருந்தவள்தான் மலர்கொடி. அதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தப்பாமல் தீர்த்தமாடிவிட்டு ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் அவள் வீட்டுக்குப் போய், கீற்றுப் பந்தலில் உட்கார்ந்து, இளநீர் குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறோம். இந்த வருஷமும் அப்படித்தான் போனோம். இளநீரை என் கையில் கொடுத்துக்கொண்டே தியாகு சொன்னார், "இந்த வருசம் நம்ம வீட்டுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்துட்டாருக்கா. வீட்டோட மாப்பிள்ளை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கனகாவைப் பார்த்தேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ஏண்டி மலரு, எங்களுக்கு ஒரு பத்திரிகை வைக்கப்படாதா?" என்றேன்.

"அவங்க சொல்லிகிட்டா வந்தாங்க, பத்திரிகை வைக்க?" என்றாள் மலர்கொடி.

"எந்த ஊர்?"

"தென்னமெரிக்காவாம்."

"அம்மாடி! அங்கேயிருந்து எப்படி வந்தார்?"

"கப்பல்லதான்."

"கப்பல்ல உத்தியோகமா? எங்க அச்சுதன் மாதிரி!"

"உத்தியோகம்லாம் ஒண்ணும் இல்லக்கா," என்றார் தியாகு. "சும்மா ஒட்டிகிட்டு வர்றது."

டிரெயினிங்காக இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். "சாப்பாடெல்லாம் நம்ம ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கிறதா?"

"அத ஏன் கேக்குறீங்க! வந்த எடத்தவிட்டு ஒரு அடி நகர்றதில்ல, ராவும் பகலும் வாயத் தொறந்துவச்சித் தின்னுகிட்டே இருக்காரு."

"நம்ம ஜாதகம்தான் போலிருக்கு," என்றார் உன் அத்திம்பேர். பொதுப்பணித்துறையிலிருந்து ரிட்டயராகி ஐந்து வருஷம் ஆகிறது அவருக்கு.

"கூட மனுஷா யாராவது உண்டா?"

"வர்றப்ப நாலோ அஞ்சோ. இப்ப ஆத்தடி பூராவும் அவங்க ஆளுங்கதான்."

கூட்டுக் குடும்பம், இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும் என்று நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன் அச்சு. கனகா வீட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். மாப்பிள்ளையைப் பார்க்காமல் ஊர் திரும்புவது மரியாதையா? விஸ்வாவுக்கென்று வாங்கி வண்டியில் வைத்திருந்த எட்டு முழம் வேட்டியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு, இரண்டு பூவன் பழம், மஞ்சள் அட்சதை எல்லாம் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன். ப்ரியம்வதா காதோடு காதாக, "அம்மா, எனக்கென்னமோ இவங்க வேற எதையோ சொல்றாங்கன்னு தோணறது," என்றாள். "நீ சும்மா இரு, மாப்பிள்ளையைக் காக்கவைக்கப்படாது," என்று அவளை அடக்கிவிட்டேன். வழியில் ஓர் ஆடு வெற்றிலையைத் தின்றுவிட்டது. பாக்கு மிஞ்சியது. ஆற்றங்கரைக்குப் போனால் மலர்கொடி புடவையை வரிந்துகட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகு கட்டும் பழைய கயிறு ஒன்றைப் பிடித்து இழுக்கிறாள். எதற்கு இழுக்கிறாள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, மாப்பிள்ளை படகில் இருக்கிறார் என்றே நினைத்துவிட்டேன். "இதோ வர்றாருக்கா, மாப்பிள்ளை!" என்றாள். உனக்குத்தான் தெரியுமே, ஆசீர்வாதம் செய்யும்போது நான் கண்ணை மூடிக்கொண்டுவிடுவேன். கை நிறைய அட்சதையை அள்ளிப் போட்டு, "குழந்தே, நீ தீர்க்காயுசா இருக்கணும், உன் வம்சம் பெருகணும், இந்த ஆத்தங்கரை முழுக்க உன் பிள்ளைகுட்டிகளா நிறைஞ்சு வழியணும்," என்று கணீரென்று சொன்னேன்.

கண்ணைத் திறந்தால் கயிறுதான் இருந்தது. கயிற்றின்மேல் கறுப்பாக, கொத்துக் கொத்தாக, என் கட்டைவிரல் கணுவளவு சிப்பிகள். அதன்மேல் என் அட்சதை.

"அதான் ஏற்கெனவே வழியுதேக்கா!" என்று மலர்கொடி தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "மதுரம், நீ இப்ப யாரை வாழ்த்தினே தெரியுமோ? சிப்பியை," என்றார் உன் அத்திம்பேர். என் வாக்குப் பலிக்கும் என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள். இந்த ஒரு தடவை பலிக்காமல் இருக்கவேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் அச்சு. சிரிப்பெல்லாம் அடங்கினபிறகு நான் அந்தக் கயிற்றை உற்றுப் பார்த்தேன். மாமிசம் இருக்கிற வீட்டு அடுப்பங்கரையைக்கூட எட்டிப்பார்க்காதவள், அன்றைக்குக் கையாலேயே தொட்டேன். கயிறு என் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும்; அது தேர் வடம் மாதிரி ஆகியிருந்தது. ஒன்றின்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று, குஞ்சு, குஞ்சின் முதுகில் குஞ்சு. ஒன்றைப் பிய்த்தால் வரமாட்டேன் என்கிறது. அதற்கு ஒரு குட்டிக் கால் இருக்கிறதாம், அதிலிருந்து தானே பசைமாதிரி ஒன்றைச் சுரந்து, தானே நூலாக்கி, தானே கட்டிக்கொள்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு சிப்பியின் நூல்களை எண்ணினேன். முப்பத்தெட்டு. நாம் மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு ஜன்மத்துக்கும் போதும் என்கிறோம். இது முப்பத்தெட்டு போட்டிருக்கிறது, அதுவும் தண்ணீருக்குள்ளே, அலை அடிக்க அடிக்க. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு? பகவானே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பரணிதரன் சகதியில் மண்டிபோட்டு, ஒரு கம்பிச் சதுரத்தை வைத்து, அதற்குள் இருப்பதை எண்ணிக்கொண்டிருந்தார். கணக்கு எழுதுகிறவரைக் கண்டால் என்னால் சும்மா நிற்கமுடியாது. போய் நானும் எண்ணினேன். அவர் அறுநூற்று நாலு என்றார். அறுநூற்றுப் பன்னிரண்டு, எட்டுக் குஞ்சை விட்டுவிட்டீர்கள் என்றேன். திரும்ப எண்ணிப் பார்த்து, அடித்து, அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். ஒரு முழச் சதுரம்தான் அது. ஆற்றடி எத்தனை முழம் என்று யோசித்துப் பார்த்தேன், தலை சுற்றியது, நிறுத்திக்கொண்டேன்.

"வடக்கே எண்ணூர்ப் பக்கம் இதைக் காக்கா ஆழின்னு சொல்றாங்கம்மா," என்றார் பரணிதரன். "உப்புத் தண்ணியும் தாங்கும், ஆத்துத் தண்ணி கலந்தாலும் தாங்கும். அடித்தரை முழுக்கப் பாய் விரிச்ச மாதிரி மூடிடும். இறால் புதையறதுக்குச் சேறே கிடைக்காது." நம் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்கிறதே அதுபோல என்று அத்திம்பேர் சொன்னதற்கு, "ஆமாங்க சார், அதுவும் தென்னமெரிக்காதான், ஒரே ஊர்க்காரங்க," என்றார்.

அப்போதுதான் மலர்கொடி சிரிப்பை நிறுத்திக் கையை நீட்டிக் காட்டினாள். அவள் வலை போடுகிறவள் இல்லை. பறிக்கூடையை வாயில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்தபடியே சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். பதினைந்து வயதிலிருந்து அந்தக் கைதான் அவளுக்குக் கண். பத்து விரலிலும் கீறல். "சேறுன்னு கைய வுட்டா பிளேடு மாதிரி இருக்குக்கா. ரெண்டு மாசமா எறங்கல. விடியக்கால வேன்ல போயி கம்பெனில இறால் உரிக்கிறேன். நான் புடிச்ச இறால் இல்ல, எவனோ வளத்த இறாலு," என்றாள். இதைத்தான் நான் பெருகு பெருகு என்று வாழ்த்தினேன்.

அது எப்படி அங்கிருந்து இங்கே வந்தது என்று கேட்டேன். பரணிதரன் பொறுமையாகச் சொன்னார். சரக்கில்லாத கப்பல் ஆடும், சாயும். அதனால் வயிற்றுக்குள் கடல்தண்ணீரை நிரப்பிக்கொள்கிறது. வேறொரு துறைமுகத்தில் சரக்கை ஏற்றும்போது தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. அந்தத் தண்ணீரில் சிப்பிக் குஞ்சு, நண்டுக் குஞ்சு, பாசி, இன்னும் பேர் தெரியாதவை ஆயிரமாயிரம். எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்டேன். "ரவையில பாதிகூட இருக்காதும்மா," என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நாம் ராமேஸ்வரத்து மணலை எடுத்துக்கொண்டுபோய்க் காசியில் கரைத்து, காசி ஜலத்தைக் கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்கிறோம் இல்லையா, அந்த மாதிரி கப்பலும் சொம்பில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு போகிறது. நம் சொம்பு ஒரு லிட்டர், அதன் சொம்பு ஒரு தெப்பக்குளம். மச்சாவதாரத்தில் மனுவின் கை ஜலத்துக்குள் குட்டி மீனாக வந்து, கமண்டலம் போதாமல், குளம் போதாமல், சமுத்திரமே போதாமல் வளர்ந்தாரே, அதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். கதை என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சகதியில் நின்றுகொண்டு நிஜமாகப் பார்த்தேன். கண் இல்லை, காது இல்லை, பாஸ்போர்ட் இல்லை, ரவையில் பாதி. அது இருட்டுத் தொட்டிக்குள் மூன்று சமுத்திரம் தாண்டி வந்து, முன்பின் தெரியாத ஊரில் ஒரு கயிற்றைப் பிடித்து, முப்பத்தெட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு குடித்தனம் வைத்திருக்கிறது. கும்பிடுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் தாம்பாளத்தோடு நின்றேன்.

நின்றவளை ப்ரியம்வதா பேசாமல் விட்டிருக்கலாம். "அம்மா, அச்சு மாமா சீஃப் ஆபீசர்தானே? கப்பல்ல இந்த பலாஸ்ட் தண்ணியை அவர்தானே பார்த்துக்கறார்?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டாள். சைபுல்லா கண்ணாடியை இறக்கியது அப்போதுதான்.

அச்சு, நீ போனில் "பலாஸ்ட் வேலை இருக்குக்கா, அப்புறம் பேசறேன்" என்று சொல்வாயே, அதைப் பதினாறு வருஷமாக நான் பேலன்ஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் தம்பி கப்பலில் பேலன்ஸ் பார்க்கிறான், ஒரு புள்ளி பிசகமாட்டான், அக்காவைப் போல என்று மன்னார்குடி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். அது தண்ணீர் கொட்டுகிற வேலை என்று அந்த ஆற்றங்கரையில்தான் தெரிந்தது. நீ நிலக்கரி ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கத்துத் துறைமுகத்துக்கு மூன்று தடவை வந்தாய், மூன்று தடவையும் வீட்டுக்கு வந்து மோர்க்குழம்பு சாப்பிட்டாய், மூன்று தேதியும் என் நோட்டில் இருக்கிறது.

மலர்கொடி என் பக்கம் திரும்பினாள். "உங்க தம்பி கப்பலாக்கா?" என்றாள்.

"என் தம்பி அப்படிப் பண்ணமாட்டான்," என்றேன். சொல்லும்போதே எனக்கு நிச்சயம் இல்லை.

"பண்ணியிருந்தா நல்லதுதானேக்கா," என்றாள் அவள். "மாப்பிள்ளைய அனுப்பிவச்சது உங்க வீடுன்னா நீங்க பிள்ளை வீடு, நாங்க பொண்ணு வீடு. இத்தினி வருசம் அக்கான்னு கூப்புட்டேன், இனிமே சம்பந்தியம்மான்னு கூப்புடறேன். சம்பந்தி வீட்டு வாசல்ல வந்து, உங்க புள்ள என் ஆத்தத் தின்னுட்டான்னு சத்தம் போடலாம்ல? இப்ப யாரு வாசல்ல போயி நான் சத்தம் போடுறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது சிரிப்பு இல்லை. தியாகுதான், "வுடு மலரு, அக்கா என்ன செய்யும்," என்றார். "அக்கா ஒண்ணும் செய்யவேணாம். கேட்டுச் சொல்லட்டும், போதும்," என்றாள். வேட்டியைத் தியாகுவிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். வழக்கமாக வண்டி திரும்புகிறவரை நின்று கைகாட்டுவாள். அன்றைக்குக் கயிற்றைத் திரும்பத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கப்பலில் தண்ணீருக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் உண்டு, எங்கே எடுத்தது, எவ்வளவு, எங்கே விட்டது என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று பரணிதரன் சொன்னார். தண்ணீருக்குக் கணக்கு! கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத்தான் புரியும். இப்போதெல்லாம் வடிகட்டி, வெளிச்சம் காட்டிக் குஞ்சுகளைக் கொன்றுவிட்டுத்தான் விடவேண்டும் என்று சட்டமும் இருக்கிறதாம். நீ சின்ன வயதில் வாய்ப்பாட்டைத் தெரியாவிட்டாலும் தெரிந்ததாகச் சொல்லுவாய், அதனால் கேட்கிறேன். அந்த மூன்று தடவையும் நீதான் இங்கே தண்ணீரைக் கொட்டினாயா? எந்த ஊர்த் தண்ணீர்? நீதான் அதற்குப் பொறுப்பு, நீதான் கையெழுத்து, நீதான் பதில் சொல்லவேண்டும். அந்தப் பக்கங்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதி அனுப்பு. நீ செய்திருந்தால் அடுத்த லீவில் என்னோடு வந்து மலர்கொடி வாசலில் நிற்கவேண்டும், அவள் போடுகிற சத்தத்தை முழுக்கக் கேட்கவேண்டும். செய்யவில்லை என்றால் அந்தத் தாளை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டில் ஒன்று தெரியாமல் நான் அந்தப் பந்தலில் போய் உட்காரமுடியாது. இத்தனை வருஷப் பழக்கம் அச்சு, ஒரு சிப்பியால் போகக்கூடாது.

மற்றபடி குளிரில் காதை மூடிக்கொள். வைத்தீஸ்வரன் கோவில் விபூதியைப் பெங்களூருக்கு விஸ்வாவுக்கு அனுப்பியிருக்கிறேன், அவன் உன் துறைமுகத்துக்கு அனுப்பிவைப்பான். அத்திம்பேர் ஆசீர்வாதம் சொன்னார். ப்ரியம்வதா நமஸ்காரம் சொன்னாள். இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போகிறவளும் அவள்தான், அதனால் அவளைப்பற்றி மேலே எழுதியதில் இரண்டு வரியை அடித்துவிட்டேன். பெருமாள் உன்னையும், உன் கப்பலையும், அதன் வயிற்றில் இருக்கிற அத்தனை ஜீவன்களையும் ரட்சிக்கட்டும். அவை வயிற்றிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
மதுரம்.

பி.கு (இரண்டு நாள் கழித்து): கடிதத்தை மடித்த அன்றைக்கே பரணிதரனுக்குப் போன் செய்தேன், உன் மூன்று தேதியையும் படித்துக்காட்ட. அவர் கேட்ட முதல் கேள்வி, "நிலக்கரியோட வந்தாரா, எடுக்க வந்தாரா?" கரியோடுதான் வந்தான் என்றேன். "அப்ப அவர் இங்கே தண்ணி கொட்டியிருக்க வாய்ப்பே கம்மிம்மா," என்கிறார். நிறைந்த கப்பலுக்குத் தண்ணீர் வேண்டாமாம்; கரியை இறக்கினபிறகுதான் வயிறு காலியாகி நம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். அதாவது நீ கொண்டுவரவில்லை, கொண்டுபோயிருக்கிறாய். அதற்குமேல் ஒன்று சொன்னார். நம் பக்கத்துக் கடல்களில் இருக்கிற பச்சை ஆழி என்கிற சிப்பி இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே, நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, அமெரிக்காவில் ஃப்ளோரிடா பக்கம் போய்ச் சேர்ந்து, மின்சார நிலையத்துக் குழாயெல்லாம் அடைத்துக்கொண்டு வீட்டோட மாப்பிள்ளையாக இருக்கிறதாம். உடனே மலர்கொடிக்குப் போன் போட்டு, என் தம்பி இல்லை என்று சொல்லி, பச்சை ஆழி அமெரிக்கா போன கதையையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "அப்ப அங்கயும் ஒருத்தி கையக் கிழிச்சிகிட்டு நம்மளத் திட்டிகிட்டு இருப்பாளேக்கா. உங்க தம்பி நம்ம ஆத்துத் தண்ணிய எந்தூர்ல கொட்டுனாருன்னு கேளுங்க," என்றாள். ஆகையால் மேலே "நீதான்" என்று எழுதியிருக்கிற நாலு இடத்திலும் "நாம்தான்" என்று படித்துக்கொள். கேட்ட பக்கங்கள் வேண்டாம், அதற்கு அடுத்த பக்கங்களை எழுதி அனுப்பு: இங்கே எடுத்தது எவ்வளவு, எந்த ஊரில் விட்டாய், குஞ்சுகளைக் கொன்றுவிட்டா விட்டாய். மலர்கொடி நேற்றும் இன்றும் போன் செய்து கேட்டுவிட்டாள். பதில் சீக்கிரம் எழுது.